இருபதுக்கு இருபது

பள்ளிபாளையம்
9.4.2025

அன்புள்ள கௌசியா அக்காவுக்கு,

இருபதுக்கு இருபது.

முதலில் அதை எழுதிவிட்டேன், இனி நலம் விசாரிக்கலாம். நீங்கள் நலமா? அஃபீபா பரீட்சையை முடித்துவிட்டாளா? நான் நாலு நாளாகத் தரையில் கால் பாவி நடக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அனிதா மேடம் நம் இருவருக்கும் வீட்டில் காதுப் பயிற்சிக்குத் தந்த அதே தாள்தான். பல்லி, பள்ளி. புலி, புளி. மூலை, மூளை. ஒலி, ஒளி. இப்படிப் பத்து ஜோடி, இருபது வார்த்தை. ஜனவரியில் பத்து சரியாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தாலும் பத்து வரும் என்று மேடம் சிரித்தார். போன மாதம் பன்னிரண்டு. இப்போது நாலு நாளாக இருபது, இருபது, பத்தொன்பது, இருபது.

எப்படி என்று கேட்பீர்கள். பழகிய குரலில் கேட்டால் சீக்கிரம் பிடிபடும் என்று மேடம் சொன்னதால் இவரிடம் கேட்டேன். இவர் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? பொங்கல் முடிந்து கிளம்பியவர் இப்போது ஒடிசாவில் இருக்கிறார். அங்கிருந்தே ஒவ்வொரு வார்த்தையாகப் பதிந்து போனுக்கு அனுப்பினார். 'ல' வார்த்தை பத்தையும் ஒரு நாள் வேலைக்கு நடுவில் நின்று பதிந்தார். 'ள' வார்த்தை பத்தையும் மறுநாள் ஓய்வில் பதிந்தார். இருபதையும் கலைத்துப் போட்டு ஓடவிட போனிலேயே வசதி இருக்கிறது. எந்த வார்த்தை வருமென்று எனக்கே தெரியாது. வந்ததும் டிக் அடிப்பேன். அத்தனையும் சரி.

இது ஏன் எனக்கு இத்தனை பெரிய விஷயம் என்பது உங்களுக்குத் தெரியும். மூளைக்காய்ச்சல் வந்து காது போகும்வரை நாலு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். ஒரு குழந்தை பல்லி என்கிறதா, பள்ளி என்கிறதா என்று கேட்கத் தெரியாத ஒன்றாம் வகுப்பு டீச்சர் எதற்கு? தாளாளர் அப்புசாமி ஐயா போன வாரம் நேராகவே சொல்லிவிட்டார். அவர் பேசியதை ரஞ்சிதா டீச்சர் எனக்கு எழுதிக் காட்டினாள்.

"ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்ததும் ஒரு நாள் வாங்க டீச்சர். ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்க உங்க முதுகுக்குப் பின்னால நின்னு இருவது வார்த்தை படிக்கட்டும். பதினாறு சரியாச் சொல்லிப்போட்டீங்கன்னா ஒண்ணாங்கிளாஸ் உங்குளுக்குத்தான். இல்லீன்னா ஆபீஸ்ல ரிஜிஸ்டர் எழுதற வேலை இருக்குதுங்க."

நல்ல மனிதர், அக்கா. ஆனால் ரிஜிஸ்டர் எழுதவா நான் மண்டையைத் திறந்து காதுக்குக் கருவி வைத்துக்கொண்டேன்?

உங்களுக்கு ஒன்பதிலேயே நிற்கிறது என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். அதனால் இவர் பதிந்த இருபதையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றி இந்தத் தாளின் மூலையில் செலோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
சத்யபிரியா


சேலம், கோட்டை
17.4.2025

அன்புத் தங்கை சத்யாவுக்கு,

உன் கடிதம் வந்தது, கார்டும் வந்தது. தபால்காரர் கையெழுத்துப் போடச் சொல்லி ஏதோ பேசினார். அவர் பேசியதில் 'கார்டு' என்ற வார்த்தை எனக்குக் கேட்டது என்று அஃபீபாவிடம் பெருமையடித்தேன். அவர் 'கார்டு' என்றே சொல்லவில்லையாம். போகட்டும்.

இங்கே நம் பயிற்சி எப்படி நடக்கிறதென்று கேள். உதட்டைப் பார்த்தே பத்து வருடம் காலம் தள்ளியவள் நான், கொஞ்சம் இடம் கிடைத்தால் கண் திருடிவிடும். அனிதா மேடம் எம்ப்ராய்டரி வளையத்தில் துணி மாட்டி வாயை மறைக்கிறார், நமக்கு அதற்கு எங்கே போவது? அஃபீபா பார்த்தாள், நிகாபை எடுத்துக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து "பல்லி, பள்ளி" என்று படிக்க ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கு வந்த அவள் அத்தா வாசலிலேயே நின்றுவிட்டார், யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று. சலாம் வேறு சொன்னார். சொந்த மகளுக்கு. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் மார்க்கே போடவில்லை. மற்ற நாளில் ஒன்பது, பதினொன்று, எட்டு.

உன் வீட்டுக்காரர் குரலைக் கேட்பதற்கு முறைப்படி இவரிடம் சொல்லிவிட்டேன். "பதினெட்டு வருஷமா நான் பேசுறது ஏறல, ஒடிசாவுல இருக்கறவரு பேசுறதா ஏறப் போவுது?" என்கிறார். பை விற்கிறவர் வாய், அப்படித்தான் இருக்கும்.

ஆனால் சத்யா, கேள். மகன் ஃபைஸானின் ஸ்பீக்கரில் கார்டைப் போட்டுக் கேட்டேன். முதல் நாள் பதினைந்து. இரண்டாம் நாள் பதினேழு. பதினேழு. நான். நான் எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி எண்ணினேன், அப்போதும் பதினேழுதான்.

ஃபைஸானிடம் என் போனைத் திருப்பிக் கேட்கலாமா என்று இருக்கிறது. எனக்குக் காது முழுதாகப் போன வருடம், 'ம்மாவுக்கு எதுக்கு போனு' என்று அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். யாரும் தப்பாக நினைத்துச் செய்யவில்லை. ஆனால் அவன் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன், அது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

ஜூனில் நீ பதினாறு அல்ல, இருபதும் சொல்லுவாய். துஆ செய்கிறேன்.

உன் அக்கா,
கௌசியா


பள்ளிபாளையம்
23.4.2025

அன்புள்ள அக்கா,

பதினேழு. படித்ததும் என் மாமியாருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் உங்களைப் பார்த்ததில்லை, ஆனாலும் "அந்தப் புள்ளைக்கும் கேக்குதா சாமி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாப்பாயி அம்மாள் அழுவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஞாபகம் இருக்கிறதா? நவம்பரில் நம் இருவருக்கும் ஒரே நாளில் கருவியை ஆன் செய்தார்கள். வெளியே பெஞ்சில் நீங்கள் என்னைப் பார்த்து ஏதோ பேசினீர்கள். தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்கியதுபோல் இருந்தது. நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து மருந்துச் சீட்டின் பின்னால் எழுதினீர்கள்: 'உனக்கும் எலி கத்துற மாதிரிதான் கேக்குதா?' அன்று தொடங்கிய எழுத்து இது. இப்போது பாருங்கள், எலி கத்திய இடத்தில் 'ல'வும் 'ள'வும் தனித்தனியாக நிற்கின்றன.

இன்னொன்றும் செய்துவிட்டேன். நேற்று பள்ளிக்கே போய் அப்புசாமி ஐயாவிடம் சொன்னேன். "பதினாறு இல்லீங்க ஐயா, இருவதும் சொல்லுவேன்" என்றேன். ஒன்றாம் வகுப்பை இப்போது பார்த்துக்கொள்கிற ரஞ்சிதா டீச்சரும் பக்கத்தில் இருந்தாள். ஜூனில் அவள் மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாள், ஒன்றாம் வகுப்பு அலமாரிச் சாவியை அப்போதே காட்டினாள். ஐயா சிரித்துக்கொண்டே காலண்டரில் ஜூன் ஒன்பதை வட்டம் போட்டார்.

என் பழைய வகுப்பறைச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். சுவரில் நான் ஒட்டிய 'அ' இன்னும் இருக்கிறது, ஒரு முனை மட்டும் பிய்ந்திருக்கிறது.

சந்தோஷத்துடன்,
சத்யா


சேலம்
4.5.2025

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை நான் நாலு தடவை எழுதிக் கிழித்தேன். பத்து நாளாகத் தெரிந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன். நீ தாளாளரிடம் இருபதும் சொல்லுவேன் என்று சொல்லிவிட்டு எழுதிய கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் வீட்டுக்காரர் குரலில் எனக்குப் பிறகு பதினெட்டும் வந்தது. அதே வார்த்தையை, அதே நாளில், நான் பெற்ற மகள் படித்தபோது ஒன்பது. நான் கடையில் பத்து வருடம் உட்கார்ந்தவள். ஒரே சரக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் சரக்கைப் பிரித்துப் பார்ப்பேன். அஃபீபாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன்.

"ம்மா, சில வார்த்தைக்குப் பின்னாடி பெரிய மிஷின் ஓடுது. சிலதுல ஒண்ணுமே இல்ல, அமைதியா இருக்கு," என்றாள்.

எந்தெந்த வார்த்தைக்கு மிஷின் ஓடுகிறது என்று அவளைக் குறிக்கச் சொன்னேன். 'ல' பத்துக்கும் ஓடுகிறது, சத்யா. 'ள' பத்தில் ஒன்றில்கூட இல்லை. அவர் முதல் நாள் ரிக் ஓடும்போது கம்ப்ரசர் பக்கத்தில் நின்று பதிந்திருக்கிறார். மறுநாள் மிஷினை நிறுத்திய பிறகு பதிந்திருக்கிறார். நீ எனக்கு எழுதியிருக்கிறாய், நாம்தான் கவனிக்கவில்லை. நாம் இரண்டு பேரும் வார்த்தையைப் பார்த்து டிக் போடவில்லை. பின்னால் உறுமல் இருந்தால் 'ல', இல்லாவிட்டால் 'ள'. நமக்கே தெரியாமல்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பாய். உன் சந்தோஷத்தில் கை வைக்க மனசு வரவில்லை என்று எழுதலாம், அதுவும் உண்மைதான். எனக்கும் அந்தப் பதினெட்டு வேண்டியிருந்தது என்பதும் உண்மை. சொன்னால் என்னுடையதும் போய்விடுமே.

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வேறு யாரையாவது வாயை மறைத்துப் படிக்கச் சொல்லிப் பார்.

கௌசியா


பள்ளிபாளையம்
8.5.2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

உங்களுக்கு ஒன்பது வருவதற்கு என் இருபது காரணம் அல்ல. உங்கள் மகளின் காது கேட்கிற காது. அதற்குப் பின்னால் ஓடுகிற மிஷின் எல்லாம் கேட்கும். நம் காதுக்கு அத்தனை நுணுக்கம் இருந்தால் நாம் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்? நான் ஐந்து மாதம் தினமும் இரண்டு வேளை உட்கார்ந்து பயிற்சி செய்தேன். அது கம்ப்ரசரால் வந்தது என்கிறீர்கள்.

பத்து நாள் வைத்திருந்து சொல்லியிருக்கிறீர்கள். இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்திருக்கலாம்.

கார்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

சத்யபிரியா


பள்ளிபாளையம்
22.5.2025

அன்புள்ள கௌசியா அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. போன கடிதத்தை எழுதிய என் கையை நானே ஒடிக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள் என்று எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள்.

அந்தக் கடிதத்தைப் போட்ட மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது. கோபத்தில்தான் சோதித்தேன், உங்கள் மூக்கை உடைக்க வேண்டும் என்று. மாமியாரைக் கூப்பிட்டு முறத்தால் வாயை மறைத்துக்கொண்டு தாளைப் படிக்கச் சொன்னேன். "மொறத்துக்குள்ள பேசுனா அரிசி பொடைக்கிற மாதிரியல்ல இருக்குது" என்று சொல்லிக்கொண்டே படித்தார்.

பத்து, அக்கா. இருபதுக்குப் பத்து. ஜனவரியில் இருந்த அதே பத்து.

மூன்று தடவை படிக்க வைத்தேன். பத்து, ஒன்பது, பதினொன்று. கடைசியில் அவரே முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். நான் அன்று முழுக்கக் கருவியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். ஒன்றுமே கேட்காமல் இருப்பது நிம்மதியாக இருந்தது என்பதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

பிறகு பள்ளிக்குப் போனேன். போகாமல் இருக்கலாம், ஆனால் ஐயாவிடம் பெருமையடித்தவள் நான்தானே. "நாஞ் சொன்ன இருவது நெசமில்லீங்க ஐயா, இப்பப் பத்துத்தான் வருது" என்றேன். அவர் தாளில் எழுதித் தந்தார்: 'ஒன்பதாம் தேதி அப்படியே இருக்கட்டும்.'

இவருக்கு எழுதியதற்கு அன்றே பதில் வந்தது. 'நாந்தேன் கெடுத்துப்போட்டேன். மொத நாளு கேப்பே கெடைக்கல, பைப்பு மாத்தற நேரத்துல ஓரமா நின்னு பேசுனேன். இனி கேபின் கதவச் சாத்தீட்டு, ஒரு சத்தமும் இல்லாம பதிஞ்சு அனுப்பறேன்' என்று எழுதியிருக்கிறார். பாவம், சரியாகத்தான் செய்வதாக நினைத்திருக்கிறார்.

இன்னும் பதினெட்டு நாள். உங்களை வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டு இப்போது உங்களிடமே கேட்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

சத்யா


சேலம்
24.5.2025

அன்புத் தங்கை சத்யாவுக்கு,

கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். இதைக் கொரியரில் அனுப்பச் சொல்லி இவரை விரட்டியிருக்கிறேன்.

உன் கோபத்தை விடு. நீ திட்டாமல் 'நன்றி அக்கா' என்று எழுதியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். முதலில் காரியத்தைப் பேசுவோம்.

உன் வீட்டுக்காரரை கேபினுக்குள் போக வேண்டாம் என்று சொல். உடனே சொல். இருபது வார்த்தையையும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றே பதியட்டும். பல்லிக்கும் கம்ப்ரசர், பள்ளிக்கும் கம்ப்ரசர். ஒரே நாளில், மாற்றி மாற்றி. அப்போது உன் காதுக்குத் திருட இடமில்லை. உறுமலை விட்டுவிட்டு வார்த்தையைத்தான் தேடியாக வேண்டும். நான் இதை எங்கே கற்றேன் என்றால் கடையில். பஜார் இரைச்சலில் உட்கார்ந்து பழகிய பையன், வீட்டுக்குள் வந்தால் யார் முணுமுணுத்தாலும் பிடித்துவிடுவான். வீட்டிலேயே வளர்ந்தவனைப் பஜாரில் உட்கார வைத்தால் விழிப்பான்.

அனிதா மேடத்திடம் வெள்ளிக்கிழமை போயிருந்தேன், நடந்ததையெல்லாம் எழுதிக் காட்டினேன். நம்மைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் கேட்டதை அஃபீபா எழுதிக்கொண்டு வந்தாள், அப்படியே தருகிறேன்: "ஆறு மாசத்துல, கம்ப்ரசர் ஓடுதா இல்லையான்னு ரெண்டு பேரும் தானா கண்டுபிடிச்சீங்களா? யாரும் சொல்லித் தராமலா?"

சத்யா, நான் அப்போதுதான் யோசித்தேன். நம்மை ஏமாற்றியது நம் காதுதான், சரி. ஆனால் ஏமாற்றுகிற அளவுக்கு அது வேலை செய்கிறது. நவம்பரில் அதற்கு உறுமலும் தெரியாது, அமைதியும் தெரியாது, எல்லாமே எலி. இப்போது அது குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறது. படிக்காத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதுகிற மாதிரி. அந்தப் பிள்ளைக்குக் கண் தெரிகிறது என்று அர்த்தம். நீ டீச்சர், அந்தப் பிள்ளையை என்ன செய்வாய்? இடம் மாற்றி உட்கார வைப்பாய். அதைச் செய்.

டப்பாவில் கழற்றி வைத்த கருவியை எடுத்துப் போட்டுக்கொள்.

உன் அக்கா,
கௌசியா

எழுத மறந்துவிட்டேன். நானும் உன்னோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட்டேன். நேற்று எட்டு.


பள்ளிபாளையம்
10.6.2025

அன்புள்ள அக்கா,

பதினாறு.

பதினேழு அல்ல, பதினைந்தும் அல்ல. நடந்ததை ஒன்று விடாமல் எழுதப்போகிறேன்.

நீங்கள் சொன்னபடியே இவர் பதிந்தார். ரிக் ஓடிக்கொண்டிருக்க, இடுப்பளவு தூசியில் நின்று "புலி, புளி" என்று கத்தியிருக்கிறார். அங்கே வேலை செய்கிறவர்கள் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்களாம். முதல் நாள் எனக்கு எட்டு வந்தது. வார்த்தையே உறுமலுக்குள் முங்கிப் போயிருந்தது. நாலாம் நாள் பன்னிரண்டு. பத்தாம் நாள் பதினான்கு. கடைசி இரண்டு நாள் பதினைந்து. பதினாறு ஒரு தடவைகூட வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதவில்லை, மறுபடி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளப் பயம்.

நேற்றுக் காலை பத்து மணி. பள்ளியைச் சுற்றி மூன்று பக்கமும் விசைத்தறிப் பட்டறைகள் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனா? விடிந்தால் சடக் சடக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். நேற்று மின்வாரியத்தில் பராமரிப்பு வேலை, ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டது. ஐயா அதைத் தெரிந்தேதான் அந்த நேரத்தை வைத்திருந்தார். "தறி சத்தம் இல்லாத நேரம்னா உங்குளுக்குக் கேக்கும்னுட்டு வெச்சேனுங்க டீச்சர்" என்று எழுதிக் காட்டினார்.

நான் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர், கையில் ஆளுக்கு ஓர் அட்டை. அவர்கள் ஒவ்வொருவராகப் படிக்க, நான் தாளில் எழுத வேண்டும். ரஞ்சிதா டீச்சர் தோளைத் தொட்டால் அடுத்த பிள்ளை என்று அர்த்தம்.

அக்கா, அந்த அமைதி எனக்கு எதிரியாகிவிட்டது. தறி ஓடாத வகுப்பறை அந்தப் பிள்ளைகளுக்கே புதிது. யாரோ இறந்த வீட்டில் பேசுவதுபோல முணுமுணுத்தார்கள். நாலாவதும் ஏழாவதும் எனக்கு மூச்சுக்காற்று மட்டும்தான் வந்தது, ஏதோ ஒன்றை எழுதினேன். பத்தாவதிலும் அப்படியே. மூன்று போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. நான்குதான் விடலாம். கழுத்தெல்லாம் வேர்த்து, கருவி நழுவுவதுபோல இருந்தது.

பதினோராவது பிள்ளை எழுந்தபோது கரண்ட் வந்துவிட்டது.

மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் தறி ஓட ஆரம்பித்தது. பெஞ்சு அதிர்வதை நான் உணர்ந்தேன். ஐயா முன்னால் வந்து கையை ஆட்டினார், நிறுத்திக்கொள்ளலாம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று. முகத்தில் அத்தனை வருத்தம். நான் அவரைப் பார்த்து, "வேண்டாமுங்க ஐயா. ஓடட்டும். படிக்கச் சொல்லுங்க" என்றேன்.

எனக்கு அந்தச் சத்தம் இவர் கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. பதினைந்து நாளாக நான் குடியிருந்த இடம் அது. இன்னொன்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அத்தனையும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தறி ஓடினால் அவர்கள் குரல் தானாக ஏறிவிடும், பிறந்ததிலிருந்தே அப்படித்தான் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். பதினோராவது பிள்ளை முழுக் குரலில் "மூளை" என்றாள். மூளை. மூலை அல்ல. எனக்குச் சந்தேகமே வரவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, ஒவ்வொன்றும் சடக் சடக்குக்கு நடுவில் வந்து நின்றது. ஒன்றில் மட்டும் தடுமாறினேன்.

ஐயா தாளை எடுத்துக்கொண்டுபோய் மேசையில் வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்தினார். நான் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தேன். யாருக்கும் எதுவும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஐயா தாளைத் திருப்பிக் காட்டினார். முதல் பத்தில் ஏழு. அடுத்த பத்தில் ஒன்பது. கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். ரஞ்சிதா அலமாரிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடினாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

நாளையிலிருந்து ஒன்றாம் வகுப்பு. முதல் வேலையாக அந்த 'அ'வின் பிய்ந்த முனையை ஒட்டப்போகிறேன்.

நீங்கள் பத்து நாள் வைத்திருந்தாலும் சொன்னீர்களே, அந்தக் கடிதம் இல்லாவிட்டால் நேற்று நான் தறிச் சத்தத்தில் எழுந்து ஓடியிருப்பேன். பக்ரீத் பிரியாணி எனக்கு வரவில்லை என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

இந்தத் தாளிலும் ஒரு கார்டு ஒட்டியிருக்கிறேன். இந்தமுறை என் குரல். இருபது வார்த்தையும் கலந்து, எல்லாவற்றுக்கும் பின்னால் தறி ஓடவிட்டுப் பதிந்திருக்கிறேன். அஃபீபாவுக்கு ஓய்வு கொடுங்கள். இனி நான் உங்களுக்குப் படிக்கிறேன்.

உங்கள்
சத்யா டீச்சர்


சேலம்
18.6.2025

அன்புத் தங்கை சத்யா டீச்சருக்கு,

'சத்யா டீச்சர்' என்ற கையெழுத்தைப் பார்த்துவிட்டு நான் வீடு முழுக்க நடந்தேன். இவர் கடையிலிருந்து வந்ததும் உன் கடிதத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கரண்ட் வந்த இடத்தில் அவரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். படித்து முடித்துவிட்டு ஃபைஸானைக் கூப்பிட்டு, "ம்மா போனைக் குடுத்துரு" என்று மட்டும் சொன்னார். நான் கேட்கவே இல்லை. அவன் புது கவர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். பிரியாணியைத் தபாலில் அனுப்ப முடியாது, அதற்கு வேறு வழி கீழே எழுதியிருக்கிறேன்.

உன் கார்டைக் கேட்டேன். உன் தறி என் மண்டையை உடைத்துவிட்டது. முதல் நாள் ஏழு, பிறகு பத்து, நேற்று பதின்மூன்று. நிஜமான பதின்மூன்று, அஃபீபாவை வைத்துச் சரக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

நேற்று ஒன்று நடந்தது. இருபதாவது வார்த்தைக்கு டிக் போட்டுவிட்டு நிறுத்தப் போனேன், ஸ்பீக்கர் நிற்கவில்லை. இருபத்தொன்று ஓடுகிறது. தாளைப் பார்க்கிறேன், இருபத்தொன்றுக்குக் கட்டம் இல்லை. இது அல்லது அது என்று பார்த்து டிக் போட இரண்டு வார்த்தையும் இல்லை. வெறும் தறிச் சத்தம், அதற்குள் உன் குரல் நீளமாக என்னமோ சொல்கிறது. அஃபீபா வாயைத் திறந்தாள். அவள் வாயைப் பொத்திவிட்டேன்.

மூன்று தடவை ஓடவிட்டேன். நாலாம் தடவை கருவியைச் சரியாக மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எனக்குக் கேட்டதை எழுதுகிறேன்.

'கௌசியாக்கா, ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வாங்க. புள்ளைங்களுக்கு உங்களைக் காட்டோணும்.'

பத்து வருடத்தில் உதட்டைப் பார்க்காமல், தாளைப் பார்க்காமல், ஒருவர் சொன்னது எனக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. சரியா தப்பா என்று அஃபீபாவிடம் நான் கேட்கவில்லை. அவளும் நிகாபுக்குள் சிரிக்கிற மாதிரி சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை சங்ககிரி வழி பஸ்ஸில் பிரியாணித் தூக்கோடு வருகிறேன். நீ அப்படிச் சொல்லவில்லை என்றால், நான் வகுப்பறை வாசலுக்கு வந்ததும் சொல்லிவிடு. தறி ஓடும்போதே சொல், எனக்குக் கேட்கும்.

உன் அக்கா,
கௌசியா